சுடாத துப்பாக்கி

ஓடுபாதையின் கோடியில் பறவைகள் வந்து இறங்கியபோது சிறகடிக்கும் சத்தமே கேட்கவில்லை. விமான நிலையத்தில் பறவை விரட்டும் வேலைக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவன் அப்படிப் பார்த்ததில்லை. மழை விட்ட மாலையில், ஈரப் புல்லும் எரிபொருளும் கலந்து வாடையடித்த காற்றில், நூற்றுக்கணக்கான பறவைகள் சாம்பலைக் கொட்டினாற்போல் வந்து அமர்ந்தன. அவன் தோளில் தொங்கிய துப்பாக்கியில் குண்டு கிடையாது, வெறும் வெடிச்சத்தம்தான். ஒரு தடவை சுட்டால் போதும், பறந்துவிடும்.

ஆனால் காதில் போன் இருந்தது. முதன்முதலாக வேலைக்கு வெளிநாடு கிளம்பும் தங்கை, விமானத்தின் ஜன்னல் வழியே அவனைத் தேடிக்கொண்டிருந்தாள். அனுப்பமாட்டேன் என்று அழுத அம்மாவிடம், நான் இருக்கும்போது என்ன பயம் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தவன் அவன்தான்.

"அண்ணா, எங்க நிக்கிற? தெரியவே இல்லையே."

மஞ்சள் ஜீப்புக்குப் பக்கத்தில் என்று சொல்லிக் கையை ஆட்டினான். கண்டுபிடித்துச் சிரித்தாள். சுட்டால் அந்தச் சிரிப்பு காதில் விழாது. இன்னும் நேரமிருக்கிறது என்று நினைத்தான். இருக்கவில்லை. விமானம் ஓடத் தொடங்கியிருந்தது.

சக்கரங்கள் தரையை விட்டதும் பறவைகள் மொத்தமாக எழுந்தன. பொத்துப் பொத்தென்று சத்தம். இடது எஞ்சின் இருமி, நெருப்பைக் கக்கியது. கருகிய இறைச்சி வாடை. புகையை இழுத்துக்கொண்டு விமானம் சாய்ந்து வட்டமடித்தது.

ஓடுபாதையில் பறவை இருந்ததா என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வயர்லெஸ்ஸில் கேட்டார்கள்.

"இல்ல சார். சுத்தமா இருந்துச்சு."

யாரும் பார்ப்பதற்குள் செத்ததைப் பொறுக்கிவிட ஓடினான். ஒன்றுகூட இல்லை. ரத்தம் இல்லை. ஓர் இறகு இல்லை.

விமானம் தட்டுத்தடுமாறி இறங்கி நின்றது. தீயணைப்பு வண்டிகள் சூழ்ந்தன. அவசரக் கதவு திறந்து பயணிகள் இறக்கைமேல் வந்தார்கள். எல்லாரும் உயிரோடு. முதலில் இறங்கியவள் தங்கை. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான்.

அவள் கனக்கவே இல்லை. வெறும் துணியை அணைத்ததுபோல் இருந்தது. நெஞ்சு மட்டும் அடித்துக்கொண்டது. படபடவென்று. மனித நெஞ்சு அடிக்காத வேகத்தில்.

"சுட்டுடாத அண்ணா," என்றாள், காதோரமாக.

நிமிர்ந்தான். மற்றவர்கள் இறங்கவில்லை. இறக்கையின் விளிம்பில் நெருக்கியடித்து, வரிசையாகக் குந்தியிருந்தார்கள். குழந்தைகளும். அழுகை இல்லை. பேச்சு இல்லை. கீழிருந்து தீயணைப்பு வீரர்கள் கத்திக் கூப்பிட்டார்கள். யாரும் திரும்பவில்லை.

அத்தனை கண்களும் அவன் தோளில் தொங்கிய துப்பாக்கியின் மேல்.