வடக்குச் சுவரில் ஒரு துவாரம்

அகதி விசாரணைக்கு இன்னும் ஒன்பது நாள். தேவாலயத்துக் கடிதம் ஒன்று கிடைத்தால் மனோகரிக்குப் பாதி வழி திறந்த மாதிரி. அதற்காகத்தான் சென்ட் லோரன்ட் பகுதியிலிருந்து பஸ் ஏறி வந்து, சம்பளமில்லாமல் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

துடைக்கத் துடைக்க இளக்காரம்தான் வந்தது. இங்கிலாந்தில் எழுநூறு வருடப் பழைய கிராமத்துத் தேவாலயம் ஒன்றைப் பார்த்து, அறுபது வருடத்துக்கு முன் மொன்ட்ரியாலில் இதைக் கட்டியிருந்தார்கள். எதையும் தாங்காத முட்டுச்சுவர்கள். பழசுபோலத் தெரியக் கறுப்புப் பூசிய உத்தரங்கள். பலிபீடத்துக்குப் பக்கத்தில், வடக்குச் சுவரில், சாய்வாக ஒரு துவாரம். குளிருக்காக அதற்கொரு கண்ணாடி.

"இது என்னத்துக்கு, அண்ணை?"

மேற்பார்வையாளர் ஹென்றி திருகோணமலைக்காரர். கடிதம் எழுதப்போகிறவரும் அவர்தான்.

"அந்தக் காலத்தில குட்டநோய்க்காரரை உள்ளுக்கு விடமாட்டினம். வெளியில நிண்டு இதுக்குள்ளால பூசை பாப்பினம்."

"இஞ்சயும் இருந்தவையோ?"

"ஒருத்தரும் இல்லை. வரைபடத்தில ஓட்டை இருந்தது, விட்டுட்டாங்கள்."

மடையர்கள் என்று நினைத்தாள்.

"கண்ணாடியில பனி கட்டியிருக்கு. அதையும் துடை, பிள்ளை."

துடைத்தாள். போகவில்லை.

அவள் பௌதிகம் படித்தவள். சூடும் ஈரமும் உள்ளே; பனி உள்பக்கம்தான் படியவேண்டும். இது வெளிப்பக்கம் இருந்தது. யாரோ வாயை ஒட்டிவைத்து மூச்சு விட்டதுபோல, வட்டமாக.

வெளியே போய்ப் பார்த்தாள். சுவரோரம் இடுப்பளவு பனி. ஒரு காலடியும் இல்லை.

திரும்பி வந்தபோது வட்டம் பெரிதாகியிருந்தது.

பழைய கட்டுத்துணியின் புளித்த மணம். அது சின்ன வயதில் வீட்டில் அவளுக்குப் பழகிய மணம்.

ஹென்றி கடிதம் எழுதப் பேனாவை எடுத்தார். "தகப்பன்?"

"இல்லை."

"தாய்?"

குட்டக்காரக் குடும்பமென்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களென்று விமானத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். குடிவரவுப் படிவத்தில் 'இறந்துவிட்டார்' என்று எழுதியிருந்தாள். அதையே சொல்ல வாயைத் திறந்தாள்.

டொக்.

கண்ணாடியில், பனியை அழுத்தி, ஒரு உள்ளங்கை.

விரல்கள் இல்லை.

ஹென்றியும் பார்த்துவிட்டார். பேனா நின்றது. "ஆர் பிள்ளை அது?"

"அம்மா," என்றாள். "செத்துப்போனா எண்டு பொய் எழுதினனான். மட்டக்களப்பில, மாந்தீவுக் குட்ட ஆசுப்பத்திரியில உயிரோட இருக்கிறா. நான் ஒருநாளும் உள்ளுக்குப் போய்ப் பாக்கேல்ல."