துள்ளாத நாடி

வெள்ளாற்றின் மீது முழுமதி எழுந்து, அக்கரையில் பாண்டியர் பாசறைத் தீவட்டிகளும் ஒவ்வொன்றாய்ச் சுடர்விடத் தொடங்கிய அந்த ரம்மியமான அந்திப் பொழுதில், இக்கரையில் சோழர் பாசறையின் மருத்துவக் கூடாரத்திலே யாழோடு அமர்ந்திருந்த விடங்கிக்கு நிலவு ஒரு கேடா என்றிருந்தது.

நாடி பார்க்குமிடத்தில் யாழ் எதற்கு என்று வாசகர்கள் வியக்கலாம். எந்தப் பண்ணுக்கு ஒருவனுடைய நாடி நிதானப்படுகிறதோ, அதையே மாலைதோறும் வாசிக்கச் செய்து காயம்பட்டவரைத் தேற்றுவது மருத்துவர் கூத்தபிரானின் வழக்கம். அந்த நல்ல காரியத்தையும் சேனாபதி வேவுத் தொழிலுக்கு இழுத்துவிட்டார். போர் வந்தால் எதைத்தான் விட்டுவைக்கிறார்கள்! ஆற்றங்கரையில் பிடிபட்டவன் தன்னை உப்பு வணிகன் என்கிறான். மதுரையார் உருகும் செவ்வழிப் பண்ணுக்கு அவன் நாடி துள்ளினால் தலையை வாங்கிவிட வேண்டும் என்பது கட்டளை.

அவனோ ஆச்சன். ஈராண்டுக்கு முன் உறையூரில், கோட்டைக் காவலனான விடங்கியின் தமையனோடு நட்புக்கொண்டு வீட்டுக்கு வந்தவன். அவள் வாசித்த செவ்வழியில் கண்கலங்கி, அந்தப் பண்தான் தன் உயிர் என்று அவள் கைதொட்டு ஆணையிட்டவன். தான் பாண்டிய நாட்டான் என்பதைப் பிரியும்போது அவளிடம் மட்டும் ஒப்புக்கொண்டிருந்தான். பேதைப் பெண், அதையும் அன்பென்றே எண்ணினாள்.

மற்றப் பண்கள் முடிந்தன. மருத்துவர் செவ்வழியைக் கேட்டார். விடங்கி யாழை மீட்டத் தொடங்கினாள். துள்ளிவிடாதே, துள்ளிவிடாதே என்று மனத்துக்குள் மன்றாடியபடியே வாசித்தாள். அவள் பார்வை அவன் மணிக்கட்டில் பதிந்திருந்த மருத்துவரின் மூன்று விரல்களை விட்டு அகலவில்லை.

"குளத்து நீராய்க் கிடக்கிறது. இவன் உப்பு வணிகன்தான்" என்றார் கூத்தபிரான்.

ஆச்சன் எழுந்து அவரை வணங்கினான். யாழிருந்த திசையை ஏறிட்டும் பாராமல் போய்ப் படகேறினான்.

விடங்கியின் மடியிலிருந்து யாழ் சரிந்தது. பதறிப்போய் அவள் கையைப் பற்றிய மருத்துவர் திகைத்தார். "இதென்ன அம்மா, உன் நாடி இப்படி அடித்துக்கொள்கிறது? யார் அவன்?"

படகு நடு ஆற்றைக் கடந்துவிட்டதைப் பார்த்த பிறகே அவள் பதில் சொன்னாள்.

"பாண்டியரின் ஒற்றர், ஐயா. துள்ளியிருந்தால் அவர் தலை போயிருக்கும். துள்ளக் கூடாதென்றுதான் வேண்டிக்கொண்டேன்" என்றவள், முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "ஆனாலும் ஒரு தரம் துள்ளியிருக்கலாம்."