மிதி, பிடி, விடு

காலையில் ஷெட் கதவைத் தள்ளியபோது பின்சுவரில் மங்கலாகச் சிவப்பு படிந்திருந்தது. ஸ்பேனர் வாசலிலேயே நின்றுவிட்டார். தெருவில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் ஸ்பேனர்தான். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். தீப்பிடித்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தார். பிறகுதான் பார்த்தார். மகளுக்கென்று வாங்கி வந்த பழைய காரின் பின்பக்கம் பிரேக் விளக்கு இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. சாவி அவருடைய சட்டைப்பையில் இருந்தது, கார் பூட்டியிருந்தது, உள்ளே ஆள் இல்லை. பிரேக்கைக் காலால் மிதித்தால் மட்டுமே எரிகிற விளக்கு அது.

"அட, நீதானா அந்தத் திருடன்!" என்று வாய்விட்டே சொன்னார்.

சார்ஜ் ஏற்றி வைக்கிற பேட்டரி விடிவதற்குள் வற்றிப்போவது ஏன் என்று தெரியாமல் நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவர் அவர். பிரேக் பெடலுக்கு மேலே விரல் தடிமனுக்கு ஒரு சுவிட்ச் உண்டு. பெடல் மேலே வந்து அதில் இடித்தால் விளக்கு அணையும். பழைய வண்டிகளில் அந்தச் சுவிட்ச் ஒட்டிக்கொள்வது நமக்குச் சளி பிடிக்கிற மாதிரி சகஜம். ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார். விளக்கு அணைந்தது. கழற்றியதைப் பழக்கதோஷத்தில் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தார். அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது. கழற்றிய அதிர்ச்சியில் சரியாகியிருக்கும் என்று அதைக் குப்பையில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார்.

அந்தக் கார் வந்த நாளிலிருந்து வீட்டில் சண்டை. மகளுக்கு நர்ஸ் வேலை கிடைத்திருந்தது, திங்கட்கிழமை சேர வேண்டும், ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே இருந்தது. டியூட்டி முடிந்து பெண் தனியாக பஸ்சுக்கு நிற்பதை நினைத்தாலே ஸ்பேனருக்குத் தூக்கம் வராது. அதனால்தான் பழைய இரும்புக் கடையில் புல்லுக்கு நடுவே கிடந்த இந்தக் காரைப் பார்த்ததும், இதை நான் எழுப்பிக் காட்டுகிறேன் என்று இழுத்துக்கொண்டு வந்தார். மனைவிக்குப் பார்த்தவுடனேயே பிடிக்கவில்லை.

"யாரு ஓட்டினது, எதுக்கு இப்படிப் போட்டுட்டுப் போனாங்கன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"நான் என்ன பொண்ணு பாக்கவா போனேன்? வண்டி வாங்கப் போனேன்."

"எம் பொண்ணு இதுல ஏற மாட்டா. சொல்லிட்டேன்."

"எம் பொண்ணு ஏறுவா. நானும் சொல்லிட்டேன்."

அதோடு அந்த அம்மாள் பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பாட்டுத் தட்டு டக்கென்று வரும், டக்கென்று போகும். மற்ற நேரமெல்லாம் முன்னறையில் உட்கார்ந்து, காலால் மிதிக்கிற தையல் மெஷினில் பள்ளிக்கூடச் சீருடைகளாகத் தைத்துத் தள்ளினார். அந்த மெஷின் கோபமாக ஓடுகிறதா சமாதானமாக ஓடுகிறதா என்பது சத்தத்திலேயே ஸ்பேனருக்குத் தெரியும். இப்போது தடதடவென்று ஓடியது.

வண்டியில் மற்றதெல்லாம் வழிக்கு வந்துவிட்டது. கீச்சிட்ட பெல்ட்டை மாற்றினார். பிளக்குகளைத் துடைத்து இடைவெளி பார்த்து மாட்டியதும் என்ஜினின் இருமல் நின்றது. வெடித்த ரேடியேட்டர் குழாய் போய் புதுக்குழாய் வந்தது. ஆக்சிலேட்டர் ரப்பர் மட்டும் கடையிலிருந்து வந்தது போலப் புதுசாக இருக்க, பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பே தெரிந்தது. இதை ஓட்டியவன் சரியான பயந்தாங்கொள்ளி என்று சிரித்துக்கொண்டே அதையும் மாற்றினார். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. பிரேக்கை அழுத்தினால் கால் சேற்றில் இறங்குவது போல இறங்கியது, பிடிமானம் இல்லை. குழாயில் காற்று புகுந்திருக்கிறது. ஏர் எடுக்க வேண்டும்.

ஏர் எடுப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்து, அங்கே இருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். கீழே இருப்பவர் மேலே இருப்பவரின் முகத்தைப் பார்க்க முடியாது, குரல்தான் எல்லாம். கல்யாணமான புதிதிலிருந்து அவருக்குப் பெடல் மிதிப்பது அவருடைய மனைவிதான். "மிதி" என்பார் இவர், "மிதிச்சாச்சு" என்பார் அந்த அம்மாள். "பிடி", "பிடிச்சிருக்கேன்". இவர் திருகைத் திறப்பார், காற்றும் எண்ணெயும் குமிழியிட்டு வரும், மூடுவார். "விடு", "விட்டாச்சு". தையல்காரி கால், ஒரே சீராக இறங்கி ஏறும். ஊரில் எந்த மெக்கானிக்குக்கும் இப்படி ஒரு கால் வாய்க்கவில்லை என்று அவர் பீற்றிக்கொள்வதும் உண்டு.

சாயங்காலம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. காரை நான்கு ஸ்டாண்டின் மேல் ஏற்றி, சக்கரங்களைக் கழற்றி, பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, வீட்டுப்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். "இந்தாம்மா, கொஞ்சம் வந்து மிதிச்சுக் குடுத்துட்டுப் போயேன்! கோவத்த அப்புறம் வச்சுக்கலாம்."

மெஷின் நின்றது. வருகிறாள் என்று எடுத்துக்கொண்டு, கை விளக்கோடு பின்சக்கரத்தடியில் மல்லாந்து படுத்தார். அதே நேரம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் உலகமே அடைத்துப்போனது. ஈரமண் வாசனையும் பழைய எண்ணெய் வாசனையும், இன்னொன்று, துவைக்காத துணியை மூட்டை கட்டி வைத்தது போன்ற வாசனையும், காருக்கடியில் தேங்கி நின்றன. அந்த இரைச்சலுக்குள் டிரைவர் பக்கத்துக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சீட்டின் ஸ்பிரிங் முனகியது, வண்டி ஒரு நூலளவு அமுங்கியது. கதவு சாத்திக்கொண்டது.

"அப்பாடா, வந்தியா! மிதி."

முன்னால் பெடல் இறங்கியது. வாயைத் திறந்து ஒரு சொல் வரவில்லை.

"பேச மாட்டே. சரி, கால் பேசினா போதும். பிடி."

திருகைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று வந்தது, கறுத்த எண்ணெய் கண்ணாடி ஜாடியில் கொப்பளித்தது. மூடினார். "விடு." பெடல் மேலே போனது. எவ்வளவு அழகாகப் போனது! மிதி, பிடி, விடு. கோபத்திலும் கணக்குத் தவறாத கால் என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டார்.

ஒரு சக்கரம் முடிந்ததும் பிரேக் ஆயில் ஊற்ற எழுந்து முன்பக்கம் போனார். தூக்கிய பானெட் கண்ணாடியை மறைத்திருந்தது. கீழே விரல் நுழைகிற இடைவெளி. அது வழியாகப் பார்த்தபோது கண்ணாடியின் உள்பக்கம் மூச்சு பட்டு வெள்ளையாக மூடியிருந்தது தெரிந்தது. மழைக்கு எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டுப் புழுங்கிக்கொண்டிருக்கிறாள், வீம்பு பிடித்தவள். அவருக்குச் சட்டென்று மனசு இளகிவிட்டது.

மறுபடி கீழே படுத்துக்கொண்டு, மழைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பேசினார். முகத்தைப் பார்த்துச் சொல்ல வராததெல்லாம் அப்படிப் படுத்துக்கொண்டு சொல்ல வந்தது.

"நான் கத்தினது தப்புதாம்மா. உன்ன அழ வச்சுட்டு எனக்கு மட்டும் சோறு எறங்குதா? புள்ள ரோட்டுல நிக்கக் கூடாதேன்னுதான் இவ்வளவும். மிதி."

இறங்கியது.

"பிடி. நீ ஒக்காந்திருக்கியே, அந்த சீட்டு எப்படி இருக்கு? நல்லா பஞ்சு வச்சுத் தச்சிருக்கான் பாரு. திங்கக்கெழமையிலேந்து அவதான் அதுல ஒக்காரப் போறா. தெனமும். அவ ஒருத்திதான்."

திருகை மூடினார். விடு என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பெடல் ஏறியது. இறங்கியது. ஏறியது. இறங்கியது. யாரோ சந்தோஷத்தில் காலாட்டுவது போல.

"ஏய், ஏய், சொன்னாத்தான் மிதிக்கணும்" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் காய்ந்துபோனது, ஏனென்று அவருக்கே புரியவில்லை. "பிடி."

நின்றது. அடியோடு அழுத்திக்கொண்டு நின்றது.

மழை வந்தது போலவே திடுதிப்பென்று விட்டது. கூரை ஓரத்திலிருந்து நீர் சொட்டியது. அந்த அமைதிக்குள், வீட்டின் முன்னறையிலிருந்து, சத்தம் வந்தது.

தடதடதடதட.

தையல் மெஷின்.

ஸ்பேனரின் கையிலிருந்து திருகைத் திறக்கிற சாவி நழுவி மார்பில் விழுந்தது. கோபமாக ஓடுகிற மெஷின். அந்த ஓட்டத்தை வேறு யாராலும் ஓட்ட முடியாது. அவள் அங்கே இருக்கிறாள். அப்படியானால் மேலே.

மேலே ஸ்பிரிங் முனகியது. யாரோ சாய்ந்து, குனிந்து, காரின் தரைக்குக் கீழே இருக்கும் அவரை ஒட்டுக்கேட்பது போல.

மூச்சு விடவில்லை. குதிகாலால் தரையை உந்தி, முதுகு தேய, அங்குலம் அங்குலமாக வெளியே வந்தார். எழுந்தார். கதவுக் கண்ணாடியும் மூடுபனியாக இருந்தது. கைப்பிடியை இழுத்துத் திறந்தார்.

சீட்டில் யாருமில்லை.

மெத்தை நடுவில் பள்ளமாக இருந்தது. கீழே, புது ரப்பர் போட்ட பிரேக் பெடல் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தது. அவர் பிடி என்றுதானே சொல்லியிருந்தார்.

ஓடினார். செருப்பு எங்கே கழன்றதென்று தெரியாது. முன்னறையில் மனைவி தலையைத் தூக்காமல் தைத்துக்கொண்டிருந்தார்.

"நீ... நீ ஷெட்டுக்கு வந்தியா?"

மெஷின் நின்றது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் அந்த அம்மாளுக்குக் கோபம் மறந்துபோனது. "கூப்பிட்டது கேட்டுச்சு. வரக் கூடாதுன்னுதான் ஒக்காந்திருந்தேன். என்னங்க? ஏன் இப்படி நடுங்குறீங்க?"

"அந்த வண்டி வேணாம்மா. நீ சொன்னதுதான் சரி. நாளைக்கே கொண்டுபோய்ப் போட்டுடறேன். அவ அதுல ஏற வேணாம். ஏறவே வேணாம்."

"சரி, வேணாம். மொதல்ல ஒக்காருங்க, தண்ணி குடிங்க" என்று மனைவி அவருடைய தோளைப் பிடித்தபோது, ஷெட்டில் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து மகளின் குரல், உற்சாகமாக.

"அப்பா! பிரேக்கு சூப்பரா ஆயிடுச்சுப்பா!"

கடைக்குப் போனவள் மழை விட்டதும் திரும்பியிருக்கிறாள். நேரே தன் காரைப் பார்க்கப் போயிருக்கிறாள். ஸ்பேனர் கத்திக்கொண்டே ஓடினார். என்ன கத்தினார் என்று அவருக்குத் தெரியாது. பின்னால் மனைவி ஓடி வந்தார்.

சேறு படக் கூடாதென்று மகள் ஈரச் செருப்பை வெளியே கழற்றி விட்டிருந்தாள். கதவை அவர் பிடுங்கித் திறந்தபோது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நான் மிதிக்கவே வேணாம் போல இருக்குப்பா. கால வச்சா தானா எறங்குது."

"எறங்கு பாப்பா. கீழ எறங்கு."

"ஏன்ப்பா? இருங்க, ஒரு தடவ..."

சொல்லும்போதே அவளுடைய முகம் மாறியது. சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் மாறியது.

"அப்பா, கால எடுக்க வரல."

ஸ்பேனர் மண்டியிட்டார். கை விளக்கைத் தாழ்த்தினார். பெடல் அடியோடு அமுங்கியிருந்தது, அதன் மேல் மகளின் வெறுங்கால். கணுக்காலை இரண்டு கையாலும் பற்றி இழுத்தார். அசையவில்லை. விரல்கள் ரத்தம் செத்து வெளுத்திருந்தன. புறங்காலில் சதை தானாகக் குழிந்துகொண்டிருந்தது. ஒரு பெரிய குழி. அதை ஒட்டி ஒன்று. ஒன்று. ஒன்று. கடைசியாகச் சின்னது ஒன்று.

அவளுடைய காலுக்கு மேலே ஒரு கால் இருந்தது.

"விடு" என்றார். "விடு. விடு! விடு!"

இதுவரை சொன்னதையெல்லாம் கேட்டது. இதைக் கேட்கவில்லை. குழிகள் இன்னும் ஆழமாக இறங்கின. மனைவி மகளின் தோளைக் கட்டிக்கொண்டு இழுத்தார். காரின் காலடி விரிப்பின்மேல் சும்மா இருந்த அவளுடைய இடதுகாலைப் பார்த்தார் ஸ்பேனர். அதன் மேல் பெருவிரல் பதிந்தது. பிறகு, அவசரமே இல்லாமல், மற்ற விரல்கள் ஒவ்வொன்றாகப் பதிந்தன.

சீட்டின் ஸ்பிரிங் நீளமாக முனகியது. கார் மொத்தமும் ஸ்டாண்டின் மேல் ஒரு நூல் அமுங்கியது. மகளின் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது, மூச்சு திணறித் திணறி வந்தது.

"அப்பா" என்றாள், குரலே இல்லாமல். "மடி கனக்குதுப்பா."