மடியில் கேட்ட றபான்

“எங்கட பிள்ளைக்கி காது கேக்காதெண்டா சொல்ல வாறீங்க, மிஸ்?”

அந்தக் குரலின் சூடு ஆகிலாவைச் சுட்டது. வெளியே கல்முனையே மிதக்கிற மழை. கிளினிக்கின் சின்ன அறைக்குள் ஏழு மாத ஸாஜிதை மடியில் வைத்துக்கொண்டு முறைத்தான் ஸிராஜ். ஒலுவில் துறைமுகத்தில் போட் எஞ்சின் திருத்துகிறவன். பிள்ளையின் உம்மாவான அவன் ராத்தா பள்ளியில் படிப்பிக்கப் போய்விட்டதால் மருமகனைத் தூக்கி வந்த மாமன்.

பத்து நிமிடத்துக்கு முன் இதே கண்கள்தான் சிரித்தன...

பச்சைப் பிள்ளைகள் எதை எப்படிக் கவனிக்கிறார்கள் என்று ஆராய்கிறவள் ஆகிலா. சிவப்புப் பந்தைக் காட்டினாள். ஸாஜித் கண்ணெடுக்காமல் பார்த்தான். நாலாம் தடவை அலுத்துப்போய் முகத்தைத் திருப்பினான்.

“புதிசெண்டா பார்ப்பாங்க. பழகினா கண் திரும்பிரும்.”

“பெரிய ஆக்களும் அப்பிடித்தான் மிஸ்!”

பாவி... என்ன கண் அது! அவளுக்கு அடுத்த கேள்வியே மறந்துபோனது.

பிறகுதான் வினை. குழந்தையின் பின்னால் நின்று றபான் என்ற வட்டத் தோல் பறையைத் தட்டினாள். தாளத்தை மாற்றினாள். ஸாஜித் அசையவே இல்லை. அதைச் சொன்னதற்குத்தான் இந்தச் சூடு.

“இவன் றபானுக்கு ஆடுறவன், பாருங்க!” றபானை வாங்கித் தன் முழங்காலில் ஊன்றி அடித்தான் ஸிராஜ். மடியிலிருந்த ஸாஜித் கால்களை உதைத்துக் குதித்தான். மாமன் முகத்தில் வெற்றிச் சிரிப்பு.

அந்தச் சிரிப்பை அழிக்க அவளுக்கு மனமில்லை. ஆனால் சும்மா விட்டால் பிள்ளைக்குப் பேச்சே வராமல் போகலாம்.

“பிள்ளையப் பாயில வெச்சிட்டு, பின்னுக்கு நிண்டு அடிங்க.”

அடித்தான். பலமாக அடித்தான். ஸாஜித் விரலைச் சூப்பிக்கொண்டிருந்தான். மாமன் றபானைக் கீழே வைத்தான்.

“எஞ்சின்ல கை வெச்சே அது ஓடுற விதத்தச் சொல்லுவீங்கதானே? அவரும் அப்பிடித்தான், உங்கட மடியில அதிர்வப் பிடிக்காரு. கெதியா காது டொக்டர்ட்ட காட்டுங்க.”

“உங்கட ஆராய்ச்சிக்கி எங்கட பிள்ளதானா கிடைச்சான்!”

ஸாஜிதை வாரி அணைத்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டான்.

அன்று ஆகிலாவுக்குச் சோறு இறங்கவில்லை. காட்டுவானா... மாட்டானா? யா அல்லாஹ், நான் சொன்னது பிழையாக இருக்கட்டும் என்றுகூடக் கேட்டுப் பார்த்தாள்.

மூன்று மாதம் கழித்து, ஒரு தூறல் நாளில், கதவடியில் ஸிராஜ். ஸாஜிதின் இரண்டு காதிலும் சின்னஞ்சிறு கருவிகள்.

அவள் மெல்லப் பின்னால் போனாள்.

“ஸாஜித்...”

குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அண்டைக்கி கோவத்துல கதைச்சிட்டன், மாப்பு பண்ணுங்க. ரெண்டு கிழம பிடிவாதமா இருந்தன். எஞ்சின்ல கை வைக்கிற நேரமெல்லாம் நீங்க சொன்னதுதான் ஞாபகம்...” ஸாஜிதை மறு தோளுக்கு மாற்றினான். “இன்னொண்டும் இருக்கு. பழகினா கண் திரும்பிரும் எண்டீங்களே?”

“ஓம்...”

“மூணு மாசமா இந்த ரோட்டால போகக்குள்ள உங்கட யன்னலத்தான் பார்க்கன். இன்னும் திரும்புதில்ல, ஆகிலா.”

‘மிஸ்’ எங்கே போனது? முகம் சிவந்து, றபானின் விளிம்பைத் தடவினாள் ஆகிலா. அவர்கள் ஊரில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள்.

“எங்கட வாப்பாவ... உங்கட வீட்ட மாப்பிள்ள கேட்டு அனுப்பட்டா?”

ஸிராஜ் அவளையே பார்த்தான்.

“கெதியா அனுப்புங்க.”