சின்னச் சுத்தியல் தொட்ட இடம்

அவர் ஒரு அடிதான் அடித்தார். கேட்டது இரண்டு.

முதலில் அவருடைய சுத்தியலின் சத்தம், மெல்லியது. அப்புறம் யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பது போல ஒன்று. அடுத்து கொட்டகைத் தரையே அதிர, உள்ளங்காலில் ஏறுகிற மாதிரி ஒரு கனத்த அடி. குனிந்து பார்த்தார். குறட்டில் பிடித்திருந்த சிவந்த பட்டை, அவர் தட்டிய இடத்தில் பாதியாக மெலிந்து பக்கவாட்டில் பிதுங்கியிருந்தது. அவர் கையில் இருந்ததோ சின்னச் சுத்தியல். தென்னை மட்டையைக்கூடப் பிளக்காத கை அவருடையது.

பாதி ஆயுளைக் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு புரட்டியே தேய்த்தவர் அவர். அந்த வேலையைக் கணினி செய்துகொள்ளும் என்று தெரிந்ததும், அலுவலகம் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மனைவி மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருவாள். அவர் மீன் தொட்டி வைத்தார், மீன்கள் மிதந்தன. காளான் வளர்த்தார், பூஞ்சைதான் வளர்ந்தது. கத்தி அடிக்கப் போகிறேன் என்றபோது அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இதாவது ஒரு மாசம் ஓடுமாங்க?" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் உண்மையாகவே சந்தேகம் கேட்டாள். அதுதான் சுருக்கென்று தைத்தது.

முதல் கத்தியைக் கட்டடக் கம்பியில் அடித்தார். அந்தக் கம்பி எத்தனை முறை பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினாலும் கெட்டிப்படாது என்பது அப்போது தெரியாது. கத்தி தக்காளியிடம் தோற்று மடங்கியது. அவள் சிரிக்கவில்லை. கழுவித் துடைத்துக் கரண்டிகளோடு போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் லாரியின் ஸ்பிரிங் பட்டையைத் தேடிப் பழைய இரும்புக் கடைக்குப் போனார். விரிசல் இல்லாத பட்டையாகப் பார்த்து, அரத்தால் உரசிப் பார்த்து எடுத்தார். கூடவே, இரும்பை வைத்து அடிக்க ஒரு பட்டறைக்கல்லும் வேண்டியிருந்தது. பேரிங் குண்டு ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோயிருந்தார். நல்ல கல்லாக இருந்தால் மேலே போட்ட குண்டு துள்ளித் திரும்பும். புதிதாகப் பெயின்ட் அடித்த வார்ப்புக் கற்களில் குண்டு சோம்பேறி மாதிரி அப்படியே படுத்துக்கொண்டது. மூலையில் கிடந்த பழைய கல்லில் போட்டதும் நேராக அவர் கைக்கே வந்தது.

"கூடவே இந்தச் சின்னச் சுத்தியையும் எடுத்துக்கங்க சார். ரெண்டும் ஒரே பட்டறையிலேர்ந்து வந்தது" என்றார் கடைக்காரர். "அண்ணன் தம்பி பட்டறை. அண்ணன் இதால லேசா தட்டிக் காட்டுவாரு. தட்டின இடத்துல தம்பி சம்மட்டிய இறக்குவான். நிமிர்ந்துகூட பாக்க மாட்டான். சுத்தி எங்க தொட்டுச்சோ அங்க போடுவான், அவ்வளவுதான்."

"சம்மட்டி எங்க?"

"தேடினாங்களாம். கிடைக்கல." கடைக்காரர் கல்லை எடை போடக் குனிந்துவிட்டார்.

இப்போது அவர் மறுபடி தட்டினார், விரல் நுனி அளவுக்கு. டிங். ஒரு மூச்சு. தொம். வியர்வையும் ஈரக் கரியும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. கல்லுக்கு எதிர்ப்பக்கம், தரையில் படிந்திருந்த கரித்தூளில் இரண்டு வெறுங்கால் தடங்கள். விரல்கள் அவரைப் பார்த்து இருந்தன. ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால்.

புத்தி உள்ளவன் அப்போதே ஓடியிருப்பான். அவர் பட்டையைப் பார்த்தார். கத்தியின் வடிவம் வரத் தொடங்கியிருந்தது. அழகாக வந்தது. பட்டையைத் திரும்பவும் உலைக்குள் வைத்து, காற்று ஊதியின் சுவிட்சைப் போட்டார்.

சில நாள் மாலை வேலையிலேயே கத்தி முடிந்தது. மனைவி அதைத் தக்காளியில் வைத்தாள், அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. இன்னொரு துண்டு சீவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் தெரிந்தது.

"நீங்களா பண்ணீங்க?"

"பின்ன யாரு, பேயா வந்து பண்ணும்?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த பார்வை. அதை அவர் மறந்தே போயிருந்தார். அதற்காக எந்தப் பொய்யையும் சொல்லலாம் என்று இருந்தது அவருக்கு. மறுநாள் அவள் கத்தியைத் துணியில் சுற்றி மருந்துக்கடைக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டினாள்.

அன்று மாலை சுத்தியலில் ஒட்டிய சாம்பலை உதற, மேசை ஓரத்தில் லேசாகத் தட்டினார். பழக்கதோஷம்.

மூச்சு. தொம்.

மேசை இரண்டாகக் கிடந்தது.

சுத்தியலைக் கீழே வைக்கப் போனவர் பாதியில் நிறுத்தினார். வைப்பதும் ஒரு தட்டுதானே. மெத்தையை மடித்துக்கொண்டு வந்து, ஒரு கையால் விரித்து, அதன் நடுவில் பச்சைக் குழந்தையைக் கிடத்துவது போலச் சத்தமில்லாமல் கிடத்தினார். கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"தம்பிய நிறுத்தச் சொல்லணும்னா அண்ணன் என்ன செய்வாரு?"

"அதுக்கும் ஒரு தட்டு உண்டு சார். ஆனா பட்டறைக்குப் பட்டறை மாறும். இவங்களோடது இவங்களுக்குத்தான் தெரியும். ஏன் சார் கேக்கறீங்க?"

அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் முழுக்கக் கொட்டகைப் பக்கம் போகவில்லை. பொழுது சாய்ந்ததும் முடிவு செய்தார். சுத்தியலை ஏரிக்கு எடுத்துப்போய், படியில் இறங்கி, தண்ணீருக்குள் மெதுவாக விட்டுவிடுவது. கத்திகள் போகட்டும். ஒரு கத்தியோடு ஓய்ந்துவிட்டேன், கை வலிக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். கொட்டகைக்குள் போய், மெத்தையிலிருந்து சுத்தியலை எடுத்து, எதிலும் படாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

வாசலில் மனைவி.

"இன்னைக்கு சீக்கிரமே கிளம்பிட்டேன். நீங்க அடிக்கறத பாக்கணும்."

"உள்ள வராதே."

அவள் முகம் வாடியது. "ஏங்க?"

நான் அடிக்கவில்லை. அவ்வளவு சொன்னால் போதும். சொல் நாக்கு நுனி வரை வந்தது. கூடவே கரண்டிகளுக்கு நடுவே கிடக்கும் அந்த மடங்கிய கத்தியும் ஞாபகத்துக்கு வந்தது. விழுங்கிவிட்டார்.

"சூடு. சுட்டுடும்."

"உலையே எரியல, என்ன சூடு?" சிரித்துக்கொண்டே வந்துவிட்டாள். கரித்தூளில் நடந்து, அந்தத் தடங்களை மிதித்து, அவருக்கு எதிரே வந்து நின்றாள். அவர் தோள்பட்டை எரிந்தது. கையை இறக்க முடியாது. அவளைத் தள்ள முடியாது.

அவள் எட்டிச் சுத்தியலைப் பிடித்தாள். இழுத்தால் அவள் மேல் பட்டுவிடும். விட்டுவிட்டார்.

"குடு. மெதுவா. எதுலயும் படாம குடு."

"இவ்ளோதானா இது? இத வெச்சுக்கிட்டா அத்தனையும்?" கையில் எடை பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "உங்கள நான் நம்பாமலே இருந்துட்டேங்க. மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. எங்கடா இவர் இப்படியே போயிடுவாரோன்னு பயந்துட்டேன்."

"சொல்றதக் கேளு. அது நான் இல்ல. நான் அடிக்கல."

"போதும் அடக்கம்." இன்னும் கிட்டே வந்தாள். எத்தனையோ வருஷம் கழித்து அவ்வளவு கிட்டே. "இந்த மண்டைக்குள்ள இவ்ளோ இருந்துச்சா?"

செல்லமாக, சுத்தியலால் அவர் நெற்றியில் ஒரு தட்டு.

வலிக்கவே இல்லை. ஜில்லென்று இருந்தது.

அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால் ஈரக் கரி வாடை. கரித்தூளில் ஒரு வெறுங்கால் முன்னால் வந்து அழுந்தியது. விரல்கள் விரிந்து ஊன்றின.

யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள்.