நாகலமேட்டு அம்மன் முகம்

சனிக்கிழமை. பிற்பகல் மூன்று நாற்பது.

கனகாம்பாள் தேக்குப் பெட்டியைத் திறந்தாள். சிவப்புப் பட்டு மடித்தது மடித்தபடி இருந்தது. அதற்குள் இருக்க வேண்டிய அம்மனின் வெள்ளி முகத்தைக் காணவில்லை.

பட்டை உதறினாள். பெட்டியைக் கவிழ்த்தாள். ஒரு கற்பூர வில்லை மட்டும் தரையில் உருண்டு ஓடியது. அவள் போட்ட கூச்சலில், கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த அருணகிரி ஈரக் காலோடு ஓடிவந்தான்.

"எங்க வச்ச?"

"நான் எங்க வைப்பேன்? போறதுக்கு முன்ன கும்புட்டுட்டு மூடினேன். நீங்களும்தான் பாத்தீங்க."

மூன்று நாள் பட்டணம் சுற்றிவிட்டு அவர்கள் வீட்டைத் திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வாசல் பூட்டு பூட்டியபடி தொங்கியது. பின்கதவில் உள்தாழ்ப்பாள் போட்டது போட்டபடி. ஜன்னல் கம்பி வளையவில்லை, கூரையில் ஓர் ஓடு நகரவில்லை.

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே ஆறு மைலில் இருந்தது நாகலமேடு. ஆடித் திருவிழாவில் அம்மனுக்குச் சார்த்தும் அந்த வெள்ளி முகம் மூன்று தலைமுறையாக அருணகிரியின் வீட்டில்தான் இருந்தது. அதைத் தலையில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோகும் முறையும் அந்த வீட்டு ஆணுக்குத்தான். வரும் செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு. இன்னும் மூன்றே நாள்.

"உன்னாலதான் எல்லாம்" என்றான் அருணகிரி. "பட்டணம் பாக்கணும் பட்டணம் பாக்கணும்னு உசுர வாங்கின."

கனகாம்பாள் உருண்டு ஓடிய கற்பூரத்தைப் பொறுக்கினாள். அவன் சொன்னதில் பாதி உண்மை. கல்யாணமாகி ஒன்பது வருஷமாக அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் இந்த ஆடியில், 1978-இல், அவனைக் கிளப்பிவிட்டது அவள் இல்லை. பங்காளி சுப்பராயன்.

"காப்புக் கட்டினா ஊர உட்டு நகர முடியாது. அதுக்குள்ள அண்ணிய இட்டுக்கினு போய்ட்டு வாண்ணா. நெல்லு நட்டாச்சி, இன்னா வேல கீது?" என்று வயல் வரப்பில் வைத்து நாலைந்து தடவை சொன்னவன் அவன்தான்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர்கள் புறப்பட்டபோது வழியனுப்ப வந்ததும் அவன்தான். தெருவில் பச்சையப்பன் மாட்டு வண்டியோடு காத்திருந்தான். அருணகிரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனான். கனகாம்பாள் சாமி படத்தடியில் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் சுப்பராயன் கதவைச் சாத்தி, நாதாங்கியில் பூட்டை மாட்டினான்.

"அமுக்குங்க அண்ணி, நேரமாச்சி. பாசஞ்சர் போயிடும்."

அவள் பெருவிரலால் அழுத்தினாள். க்ளிக் என்றது. சாவியை மஞ்சள் துணியில் வைத்து முடிந்து, இடுப்பில் சுருக்குப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினாள்.

வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் புதுச் சேலையில் கறுப்பாக ஒரு தீற்றலைப் பார்த்தாள். பட்டணத்துக்கென்றே எடுத்த மாம்பழக் கலர் சேலை. "வண்டி மை பட்டிருக்கும்" என்றான் அருணகிரி. "என் வண்டியில மை வெளியே வராதும்மா" என்று பச்சையப்பன் கோபித்துக்கொண்டான்.

அந்தக் கறை மூன்று நாளும் அவளை நிம்மதியாக இருக்க விடவில்லை. சென்ட்ரல் பக்கத்துச் சத்திரத்தில் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். உயிர் காலேஜ் என்ற மிருகக்காட்சி சாலையில் புலி கொட்டாவி விட்டபோது ஊரே கைகொட்டியது, அவள் முந்தானையை மடித்துக் கறையை மறைத்துக்கொண்டிருந்தாள். செத்த காலேஜ் என்ற மியூசியத்தில் பெரிய மீன் எலும்பைப் பார்த்து அருணகிரி வாய் பிளந்து நின்றான். அவளோ, வீட்டு வேலை செய்யும் எல்லம்மா அம்மன் படத்துக்கு விளக்கு வைத்தாளோ இல்லையோ என்று கேட்டாள். பதினாலு மாடிக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாள், கழுத்து வலித்தது. கடற்கரையில் மட்டும் அலை காலில் பட்ட நேரத்தில் எல்லாம் மறந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த அருணகிரி, "அடுத்த வருசமும் வருவோம்" என்றான். மறுபடி ஓர் அலை வருவதற்குள் அவளுக்கு ஏனோ ஊர் ஞாபகம் வந்துவிட்டது. சத்திரத்துக்குப் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தாள்.

மாலை ஐந்தரை.

சப்-இன்ஸ்பெக்டர் துளசிராமன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். ஒல்லியான, அவசரக்கார மனிதர். வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றினார். பூட்டைக் கையில் வாங்கி, சாவித் துளைக்குள் ஒரு குச்சியை விட்டு எடுத்தார். குச்சி நுனியில் காய்ந்த துருத்தூள்.

"எத்தனை சாவி?"

"ரெண்டு சார்" என்றான் அருணகிரி. "ஒண்ணு எங்களோட பட்டணத்துல இருந்திச்சி."

"இன்னொண்ணு?"

"எல்லம்மாகிட்ட. ஊட்டு வேல செய்யறவ. சாயங்காலம் அம்மன் படத்துக்கு வெளக்கு வைக்கணும்னு என் சம்சாரம் பொதன்கெழம குடுத்தா."

எல்லம்மா வந்தாள். முப்பத்தைந்து வயது. புருஷன் பழவேற்காட்டில் யாரோ ஒருவரின் படகில் வேலை செய்தான், மாதம் ஒரு தடவை வந்தால் உண்டு.

"வியாழக்கிழமை எப்ப வந்தே?"

"பொழுது சாய வந்தேன் சார். ஆனா கதவு தொறக்கல."

"ஏன்?"

"சாவி திரும்பல. எவ்ளோ பாத்தும் திரும்பல. கொஞ்சம் எண்ண ஊத்திப் பாத்தேன், அப்பவும் திரும்பல. வாசல்லயே வெளக்க வச்சிட்டுப் போய்ட்டேன்."

"வெள்ளிக்கிழமை?"

"சொம்மா தொட்டவுடனே தொறந்துக்கிச்சி. எண்ண ஊறிக்கிச்சின்னு நெனச்சேன்."

துளசிராமன் அந்தக் குச்சியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "எண்ணெய் ஊத்தினியா? இதுல எங்கேம்மா எண்ணெய்? எலும்பா காஞ்சு கிடக்கு."

எல்லம்மா குச்சியைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அம்மன் மேல சத்தியமா ஊத்தினேன் சார்."

"பொய்" என்றான் கூட்டத்தில் நின்ற சுப்பராயன். "அண்ணி, நீங்க இவகிட்டச் சாவி குடுத்தது எனக்கே தெரியாது. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வச்சிருக்க மாட்டேனா?"

அவளுடைய குடிசையைச் சோதனை போட்டார்கள். ஊர் ஆட்கள் பானைகளைத் தெருவில் எடுத்துப் போட்டார்கள். அரிசி கொட்டியது. ஒரு பானை உடைந்தது. எல்லம்மா திரும்பிக் கனகாம்பாளைப் பார்த்தாள். கனகாம்பாள் ஓர் அடி முன்னால் வைத்தாள். எதிரே புருஷன் கையில் பானையோடு நின்றான், ஊர் நின்றது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

முகம் கிடைக்கவில்லை. எல்லம்மாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணி.

கனகாம்பாளுக்கு உட்கார்ந்தால் நிற்க வேண்டும், நின்றால் நடக்க வேண்டும் போலிருந்தது. கைக்கு ஏதாவது வேலை வேண்டுமென்று ஊர்ப்பயணத்துத் துணிகளைக் கிணற்றடியில் கொண்டுபோய்ப் போட்டாள். சேலைக் கறையைத் தேய்த்தாள். அதற்கு அடுத்துக் கையில் வந்தது சாவி முடிந்திருந்த மஞ்சள் துணி.

அதை நனைக்கப் போனவள் நிறுத்தினாள்.

துணியின் உள்மடிப்பில், முடிச்சு இருந்த இடத்தில், கறுப்பாக ஒரு பெருவிரல் ரேகை. வரிவரியாக, தெளிவாக.

அந்த முடிச்சை அவள் போட்டது வாசற்படியில். அதற்குப் பிறகு வண்டியில் ஏறினாள், ரயிலில் ஏறினாள், பட்டணம் சுற்றினாள். முடிச்சை அவிழ்த்தது நேற்று வீட்டைத் திறக்கும்போதுதான். அப்படியானால் வண்டிக்கு வருவதற்கு முன்பே விரலில் அந்த மை இருந்திருக்கிறது. அதற்கு முன் அந்த விரல் தொட்டது ஒன்றே ஒன்றைத்தான்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பூட்டை எடுத்துப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். பழுப்பாகத் துருதான் ஒட்டியது. இன்னொரு தடவை தேய்த்தாள். அதே துரு.

"இன்னா பண்ணிக்கினு கீற?" என்றான் அருணகிரி.

"கெளம்புங்க. ஸ்டேஷனுக்குப் போகணும்."

"எதுக்கு? போலீசு பாத்துக்கும்."

"அந்தப் போலீசு பாக்கலங்க. நீங்க வரலேன்னா நான் போறேன்."

அவள் அப்படிப் பேசி அவன் கேட்டதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

ஒன்பதரை மணி.

ஸ்டேஷன் சுவரோரம் எல்லம்மா குந்தியிருந்தாள். கனகாம்பாள் நேராக அவளிடம் போனாள்.

"எல்லம்மா, அன்னிக்கு இன்னா எண்ண ஊத்தின?"

எல்லம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "வெளக்குக்குக் கொண்டாந்ததுதான். இலுப்பெண்ண."

"ரொம்ப ஊத்தினியா?"

"பாதி கிண்ணம் ஊத்தினேன். பூட்டுலேருந்து ஒழுகிச்சி."

கனகாம்பாள் மஞ்சள் துணியைச் சப்-இன்ஸ்பெக்டரின் மேஜை மேல் விரித்தாள். "சார், எங்க பூட்டு துருப் புடிச்சது. அத அமுக்கினா இந்த மை வராது. கடையிலேருந்து வர்ற புதுப் பூட்டுலதான் இப்பிடி மை பூசியிருப்பாங்க. வியாழக்கிழம நான் அமுக்கினது எங்க பூட்டு இல்ல சார். அதே மாதிரி வேற பூட்டு."

துளசிராமன் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அவருடைய அவசரம் எங்கோ போய்விட்டது. நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"அமுக்கிப் பூட்டற பூட்டு. சாவி போட்டுப் பார்க்க வேண்டியதில்லை" என்றார். "நீங்க பூட்டிட்டுப் போனது அவன் பூட்டு. அதனாலதான் இவ சாவி திரும்பல. இவ போனதுக்கப்புறம் அவன் தன்னோட சாவியால திறந்து, முகத்தை எடுத்துக்கிட்டு, உங்க பூட்டை மாட்டி அமுக்கிட்டுப் போயிருக்கான். வெள்ளிக்கிழமை இவ சாவி திறந்திடுச்சு. எண்ணெய் போன இடம் இன்னொரு பூட்டு." எல்லம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். "வியாழக்கிழமை கதவுல பூட்டை மாட்டினது யாரு?"

அருணகிரியின் முகம் வெளுத்தது. "சுப்பராயன். எங்க சித்தப்பா மகன் சார்."

பதினொன்று பத்து.

சுப்பராயன் தட்டில் கை வைத்திருந்தான். போலீஸைப் பார்த்ததும் இட்லி வாயிலேயே நின்றது.

"நாஷ்டா சாப்புடறீங்களா சார்?"

"வீட்டில இருக்கற பூட்டையெல்லாம் பார்க்கணும்."

"பூட்டா? வாசல் பூட்டுதான்..."

பரண் மேல் ஒரு தகரப் பெட்டி இருந்தது. கான்ஸ்டபிள் அதை இறக்கினார். அதில் தொங்கிய பூட்டு, அருணகிரி வீட்டுப் பூட்டின் உடன்பிறப்புப் போல அதே அளவு, அதே வடிவம். மடிப்புகளில் மட்டும் இன்னும் கறுப்பு மை. துளசிராமன் அதை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கனகாம்பாளிடம் நீட்டினார்.

கசப்பும் காட்டமுமான அந்த வாசனை அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? தினமும் அம்மன் விளக்கில் எரிவது அதுதான்.

"இலுப்பெண்ண" என்றாள். "உங்க ஊட்டுல வெளக்குக்கு நல்லெண்ணதான் ஊத்துவீங்க, சுப்பராயா. இந்தப் பூட்டுல இது எப்பிடி வந்திச்சி?"

அவன் இட்லிக் கையை வேட்டியில் துடைத்தான்.

"நான் சொல்றேன். எல்லம்மாகிட்ட இன்னொரு சாவி இருக்கறது உனக்குத் தெரியாது. நேத்து நீயே உன் வாயால சொன்ன. தெரிஞ்சிருந்தா அவ வர்றதுக்கு முன்னாடியே பூட்ட மாத்தியிருப்ப. தெரு அடங்கட்டும்னு காத்துக்கினு இருந்த. அதுக்குள்ள அவ வந்து இந்தப் பூட்டுல எண்ணய ஊத்திட்டுப் போயிட்டா."

கான்ஸ்டபிள் சாவிக்காகக் கை நீட்டினார். சுப்பராயன் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தான். பெட்டிக்குள், பழைய போர்வைக்கு நடுவில், அம்மனின் வெள்ளி முகம் கண் விழித்துப் படுத்திருந்தது.

"விக்கறதுக்கு எடுக்கலண்ணா" என்றான் சுப்பராயன். குரல் உடைந்தது. "எங்கப்பன் சாகற வரைக்கும் அந்த முகத்த ஒரு தபா தலையில வைக்கணும்னு சொல்லிக்கினே இருந்தாரு. மூத்த பரம்பரைன்னு உங்கப்பன் தொடவே உடல. உன் கையில தொலஞ்சா முற எங்க ஊட்டுக்கு வரும். காப்பு அன்னிக்கு ஏரிக்கரையில கெடச்சதுன்னு நானே கொண்டாந்து குடுத்திருப்பேன்."

"அதுக்கு ஒரு பொம்பளய ஸ்டேஷன்ல குந்த வப்பியா?" என்றான் அருணகிரி. சொல்லி முடித்ததும் அவனுக்கே அந்தக் கேள்வி சுட்டது. நேற்று அந்தப் பானைகளை எடுத்துப் போட்டவர்களில் அவனும் ஒருவன்.

மாலை நாலு மணி.

எல்லம்மா குடிசைக்குள் துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கனகாம்பாள் வாசலில் நின்றாள். அருணகிரி ஒரு படி அரிசியோடு அவளுக்குப் பின்னால் நின்றான்.

"எங்க கெளம்பிட்ட?"

"கும்மிடிப்பூண்டியில ஏதோ கம்பெனி கட்டறாங்களாம். சித்தாளு எடுக்கறாங்க. மெயின் ரோட்டு மேல என் நாத்தனா ஊட்டுல தங்கிக்குவேன், லாரி வந்து இட்டுக்கினு போவும். நாளைலேருந்து போறேன்."

"எல்லம்மா, நான் நேத்தே பேசியிருக்கணும்."

எல்லம்மா முடிச்சைப் பல்லால் இறுக்கினாள். "ஆமாக்கா" என்றாள். "பேசியிருக்கணும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் கனகாம்பாள் அழுதிருப்பாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அரிசியை வாங்கிக்கொண்டாள். வேலைக்குத் திரும்ப வருவதாக மட்டும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அருணகிரி முகத்தைத் தலையில் ஏந்திப் புறப்பட்டான். பம்பை அதிர்ந்தது, ஊரே பின்னால் நடந்தது. மெயின் ரோட்டைக் கடக்கும்போது ஒரு லாரி கூட்டத்துக்காக நின்றது. பின்பக்கம் நிறையப் பெண்கள், கையில் தூக்குப் பாத்திரம், தலையில் சும்மாடு. எல்லோரும் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டார்கள். எல்லம்மாவும் கும்பிட்டாள்.

கனகாம்பாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு லாரிப் பக்கம் போனாள். அவள் போய்ச் சேர்வதற்குள் கூட்டம் லாரிக்கு வழி விட்டுவிட்டது. லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு கிழக்கே போனது.