புன்னைத்துறையில் காணாமல் போன மணி

“திரும்பிப் பார்க்காதலே தொம்மை! அந்த ஆளு இன்னும் நம்ம பின்னாடியேதான் வாரான்!”

தொம்மை உடனே திரும்பிப் பார்த்தான். எதைச் செய்யாதே என்றாலும் அதைத்தான் அவன் முதலில் செய்வான். இடிந்த சுங்கச்சாவடி ஓரம், தோளில் துணி சுற்றிய நீளமான சாமானோடு ஒரு பெரியவர் நின்றார்.

“கடப்பாரையேதான்!” என்றாள் அக்கா பிரகாசி. “களவாணிப் பய. மணியைத் தூக்க வந்திருக்கான்.”

அவளுக்கு ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? புன்னைத்துறையில் அவர்கள் வீட்டுக்குப் பேரே மணிக்கள்ளன் வீடு. பூட்டன் கஸ்பார், பெரும்புயல் அடித்த அன்று மாதா கோயில் மணியைக் கழற்றிக்கொண்டு ஓடிவிட்டாராம்! ஆளும் திரும்பவில்லை, மணியும் திரும்பவில்லை. தொம்மைக்குப் பேசிய சம்பந்தம்கூட இந்தப் பேச்சால்தான் போன மாதம் முறிந்தது.

ஆனால் அதே ஊர் இன்னொரு கதையும் சொல்லும். அந்தப் புயலில் தத்தளித்த தோணிகளெல்லாம் மணிச்சத்தம் கேட்டுத்தான் கரைசேர்ந்தன! வருசாவருசம் அந்த நாளில் கடற்கரையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், கோயிலுக்கு முதுகைக் காட்டி, தெற்கே பார்த்து. ஏன் என்று கேட்டால், “அப்படித்தான் வழக்கம்” என்பார்கள்.

வெளியூர்க்காரர்களைத் துறைமுகம் முழுக்க நடத்திக் காட்டுவதுதான் பிரகாசிக்குப் பிழைப்பு. இரண்டு கதையையும் வாய் வலிக்கச் சொன்னவளுக்குப் போன வாரம்தான் மண்டையில் உறைத்தது. மணி களவு போயிருந்தால் அன்றைக்கு அடித்தது எந்த மணி? தெற்கே ஏன் பார்க்கிறார்கள்?

“மணி தெக்கே முகத்துவாரத்துலதான் அடிச்சிருக்கணும். அப்ப கடல் உப்பளம் வரைக்கும் கிடந்துச்சு. அங்கன இருந்த மணல்திட்டு இப்ப உடைமரக் காட்டுக்குள்ள இருக்கு. நட!”

தோணி கட்டிய பட்டறை, மொட்டையாய் நின்ற பழைய கலங்கரை விளக்கம் எல்லாம் தாண்டி நடந்தார்கள். பெரியவரும் விடவில்லை! மூச்சு வாங்க நெருங்கி, “பிள்ளை, ஒண்டு சொல்லோணும்...” என்றார்.

“ஒண்ணும் வேண்டாம்! இன்னைக்கு யாரையும் கூட்டிட்டுப் போகல. போங்க!”

உடைமுள் காலைக் கிழித்தது. திட்டின் உச்சியில் தொம்மை மண்வெட்டியைப் போட்டான். வெட்ட வெட்ட மணல். அப்புறம், டங்!

“யக்கா! இரும்பு!”

துருப்பிடித்த நங்கூரக் கொம்பு! அதே நேரம் பின்னால் சருகு நொறுங்கியது. பெரியவர்! பிரகாசி பாய்ந்து அந்தச் சாமானைப் பிடுங்கினாள். மடக்கென்று முறிந்தது. துணி அவிழ்ந்தது. உள்ளே, ஆளுயர மெழுகுவர்த்தி!

“நான் மன்னார் ஆள்,” என்றார் அவர், துண்டுகளைப் பார்த்தபடி. “அண்டைக்குப் புயலில தப்பின தோணியில எங்கட அப்பப்பாவும் வந்தவர். இந்தத் திட்டில ஒருத்தர் இடுப்பளவு தண்ணியில நிண்டு மணி அடிச்சவராம். கடைசித் தோணி கரை ஏறேக்க ஒரு பெரிய அலை வந்ததாம். பிறகு மணிச்சத்தமே இல்லையாம். அவரின்ர பேரும் தெரியாது. அவருக்குத்தான் இந்த நேர்த்திக்கடன். தெற்கால நீங்கள் போறதைக் கண்டு பின்னால வந்தனான்.”

பிரகாசி முறிந்த துண்டுகளைத் துணியோடு பொறுக்கினாள். தொம்மை வெறிபிடித்தவனாக மண்ணை அள்ளினான். நங்கூரத்தோடு சங்கிலி போட்டுக் கட்டியபடி, பச்சை பூத்து, மாதா கோயில் மணி!

“திருடுனவன் மணியை நங்கூரத்துல கட்டுவானாலே?” பிரகாசி வாய்விட்டு அழுதாள். “அவரு பேரு கஸ்பார், ஐயா. எங்க பூட்டன்.”

மூவருமாக மணியை மூங்கிலில் கோத்துத் தூக்கி வந்தார்கள். வழி நெடுக அது தானாக ஒலித்தது! கோயில் முற்றத்தில் ஊரே கூடிவிட்டது. மணி கிடந்த இடத்தைக் கேட்டு, சங்கிலியைத் தொட்டுப் பார்த்த பெரிய தலைகள் எல்லாம் குனிந்தன. சம்பந்தத்தை முறித்த வீட்டுக்காரர் தொம்மையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் பிரகாசியின் காதருகே வந்தார். “கூட வந்திருக்கிற ஆளு யாரு? முழியைப் பார்த்தா களவாணி மாதிரி இருக்கு.”

காலையில் தன் வாயில் வந்த அதே சொல்! அவளுக்குச் சுருக்கென்றது.

“நானும் அப்படித்தான் சொன்னேன், மாமா,” என்றாள் சத்தமாக. “நம்ம ஊரு வாய்தானே எனக்கும்!”

பிறகு, தான் முறித்த மெழுகுவர்த்தியின் இரண்டு துண்டுகளையும் எடுத்தாள். ஒன்றைப் பெரியவர் கையில் கொடுத்தாள். இருவரும் கோயிலுக்கு முதுகைக் காட்டி, தெற்கே பார்த்து ஏற்றினார்கள்.